ஒளிப்படக் கலைஞரின் பார்வையும் சொல்லற்ற திரைப்படமும்: பால் ஸ்ட்ராண்ட் முதல் ரான் ஃப்ரிக் வரை

ஆய்வுச்சுருக்கம்

திரைப்பட வரலாற்று நூல்கள் சொல்லற்ற திரைப்படத்தைப் பெரும்பாலும் ஒலிப்படத்திற்கு முந்தைய ஒரு குறைநிலையாகவே காட்டுகின்றன. ஒலி வந்த பின்னரும் உரையாடலும் வர்ணனையும் இன்றிக் காட்சியையே நம்பி இயங்கும் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒரு பகுதி, நிலைப்பட ஒளிப்படத்தில் பயின்ற கண்களிலிருந்து தோன்றியது. பால் ஸ்ட்ராண்ட், சார்லஸ் ஷீலர், கார்ல் ஸ்ட்ரஸ், ரால்ஃப் ஸ்டெய்னர் ஆகியோரின் பணிகளையும், பிற்காலத்தில் ரான் ஃப்ரிக் ஒளிப்பதிவு செய்த படங்களையும் சான்றாகக் கொண்டு, ஒளிப்படக் கலைஞர்கள் சொல்லற்ற திரைப்படத்தின்பால் ஈர்க்கப்பட்டதன் காரணங்களையும் அவ்வீர்ப்பின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், சொல்லற்ற திரைப்படம், எழுத்து அட்டை, பால் ஸ்ட்ராண்ட், மன்ஹாட்டா, கோயானிஸ்காட்ஸி, பராக்கா

இரு வேறு மௌனங்கள்

ஒலியற்ற திரைப்படத்தைக் குறிக்கத் தமிழில் 'ஊமைப்படம்', 'மௌனப்படம்' என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பனபோல் தோன்றினும் அவற்றின் மதிப்பீடுகள் வேறு. ஊமை என்பது பேச இயலாமையைச் சுட்டும். மௌனம் என்பது பேச இயன்றும் பேசாதிருத்தலைச் சுட்டும். முதற்சொல் தொழில்நுட்பக் குறையையும் இரண்டாம் சொல் ஒரு தேர்வையும் உணர்த்துகின்றன. 1927க்கு முன் எடுக்கப்பட்ட பெரும்பாலான படங்களுக்கு முதற்சொல்லே பொருந்தும். அப்படங்களின் மாந்தர் திரையில் வாயசைத்துப் பேசிக்கொண்டுதான் இருந்தனர். அப்பேச்சு காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்து அட்டைகளின் வழி பார்வையாளரைச் சென்றடைந்தது. அவற்றில் ஒலி இல்லாதிருந்ததே தவிரச் சொல் இல்லாமலில்லை.

உண்மையான சொல்லின்மையிலும் இரு வகைகளைக் காணலாம். ஒன்று, சொல்லின் பணியை நடிப்பு ஏற்றுக்கொள்வது. சாப்ளினின் படங்களில் இம்மரபு உச்சம் கண்டது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987இல் வெளிவந்த 'பேசும் படம்' இவ்வகைக்குத் தமிழர் நன்கறிந்த சான்று. வேலையற்ற இளைஞன் ஒருவன் தற்செயலாகக் கிட்டிய வசதியில் சில நாள் செல்வந்தனாக வாழும் கதை, ஓர் உரையாடலும் இன்றி முழுமையாக விளங்கிவிடுகிறது. அதன் இறுதியில் நாயகி தன் முகவரியை எழுதிய சீட்டை ஒரு மலருடன் வீசிவிட்டுச் செல்கிறாள். காற்று அச்சீட்டைச் சாக்கடைக்கு அடித்துச் செல்ல, நாயகன் கையில் மலர் மட்டும் எஞ்சுகிறது. சொல்லே இல்லாத படத்தில் கதையின் முடிவைத் தீர்மானிப்பது படிக்கப்படாமற்போன ஒரு சொல் என்பது நோக்கத்தக்கது.

மற்றொரு வகையில் சொல்லின் இடத்தை நடிப்பு நிரப்புவதில்லை. அங்கு நடிகர் இரார், கதையும் பெரும்பாலும் இராது. காட்சிக்குள் வீழும் ஒளியும் வடிவமும் காலமும் மட்டுமே இருக்கும். இக்கட்டுரையின் பொருள் இவ்விரண்டாம் வகையே. நாடக மேடையிலிருந்து வந்தோர் முதல்வகை மௌனத்தை வளர்த்தனர். இரண்டாம் வகையை வளர்த்தோருள் ஓவியர்களுடன் ஒளிப்படக் கலைஞர்களும் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தனர். நிலைப்படத்தில் பயின்றவருக்குச் சொல்லின்மை ஓர் இழப்பன்று. அவர் எடுத்த படம் ஒருபோதும் பேசியதில்லை.

மன்ஹாட்டா

நியூயார்க்கில் 1890இல் பிறந்த பால் ஸ்ட்ராண்ட், எதிகல் கல்ச்சர் பள்ளியில் லூயிஸ் ஹைனிடம் ஒளிப்படம் பயின்றார். குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்துச் சட்டமாற்றத்திற்கு வலுச்சேர்த்த ஹைன் ஒருபுறமும், ஒளிப்படத்தைக் கவின்கலையாக நிறுவ முயன்ற ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் மறுபுறமும் அவரை உருவாக்கினர். படம் எதையேனும் எடுத்துரைக்க வேண்டும் என்பது முதலாமவரிடமிருந்து வந்தது. படம் தன்னளவில் நிற்கவேண்டும் என்பது இரண்டாமவரிடமிருந்து வந்தது. இவ்விரு கோரிக்கைகளுக்கிடையிலான இழுபறி ஸ்ட்ராண்டின் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

அவர் 1915இல் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்' என்னும் படம் இவ்விழுபறியை ஒரே சட்டகத்துள் அடக்கியிருக்கிறது. மார்கன் வங்கிக் கட்டடத்தின் சுவரில் ஆளுயரத்தைப் பன்மடங்கு விஞ்சிய கருஞ்சதுரக் குழிவுகள் வரிசையாக நிற்க, அவற்றின் கீழே மனிதர்கள் சாய்வெயிலில் நீண்ட நிழல்களை இழுத்தபடி நடந்துசெல்கின்றனர். அவர்களின் முகங்கள் தெரிவதில்லை. வடிவத்தை மட்டும் நோக்குவோர்க்கு அது செவ்வகங்களின் அடுக்கு. சற்றே நின்று பார்ப்போர்க்கு, பணத்தின் மாளிகைக்கு முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது விளங்கும். ஸ்டீக்லிட்ஸின் 'கேமரா வொர்க்' இதழ் 1917இல் வெளியிட்ட தன் இறுதி மலர் முழுவதையும் ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கியது.

இப்பின்னணியுடன் அவர் 1920இல் ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான சார்லஸ் ஷீலருடன் இணைந்து எடுத்த குறும்படமே 'மன்ஹாட்டா'. ஷீலர் வாங்கியிருந்த பிரெஞ்சு நாட்டு டெப்ரி ஒளிப்பதிவுக் கருவியைக் கொண்டு அது படமாக்கப்பட்டது. 1921 ஜூலையில் நியூயார்க்கின் ரியால்டோ திரையரங்கில் 'நியூயார்க் தி மக்னிஃபிசென்ட்' என்னும் தலைப்பில் திரையிடப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம், 65 காட்சித்துண்டுகள். ஸ்டேட்டன் தீவிலிருந்து வரும் படகு கரைசேர்ந்து கூட்டத்தைக் கொட்டுவதில் தொடங்கி, உயர்மாடிக் கட்டடங்களின் எழுச்சி, பாரந்தூக்கிகள், தொடர்வண்டிகள், நீராவி, புரூக்ளின் பாலம் எனச் சென்று ஹட்சன் ஆற்றின்மேல் கதிரவன் மறைவதில் முடிகிறது. கதை இல்லை, தனி மாந்தரும் இல்லை.

இப்படத்தை ஒளிப்படக் கலைஞர் எடுத்தனர் என்பதை எவரும் சொல்லாமலே அறியலாம். பெரும்பாலான காட்சிகளில் கருவி அசைவதேயில்லை. உயரமான இடமொன்றில் அதை நிறுத்திச் சட்டகத்தை முடிவுசெய்த பின், அசையும் பொறுப்பு உலகிடமே விடப்படுகிறது. கட்டடங்கள் நிற்க, புகை நகர்கிறது. கைப்பிடிச் சுவரின் தூண்களுக்கிடையே கீழே வெகுதூரத்தில் மனிதர்கள் ஊர்கின்றனர். 'வால் ஸ்ட்ரீட்' படத்தின் நடையாளர்கள் இங்கு உண்மையாகவே நடக்கத் தொடங்கிவிடுகின்றனர் எனலாம். நிலைப்படம் நிறுத்திவைத்த ஒரு நொடி பத்து நொடிகளாக நீள்கிறது. அந்நீட்சியில் ஏதேனும் 'நிகழ' வேண்டும் என்று படம் கோருவதில்லை. ஷீலர் இப்படத்தின் காட்சியொன்றிலிருந்தே தம் 'சர்ச் ஸ்ட்ரீட் எல்' ஓவியத்தை வரைந்தார். ஓடும் படச்சுருளிலிருந்து ஒரு சட்டகம் மீண்டும் நிலைப்படமாகத் திரும்பியது.

ஆயினும் மன்ஹாட்டா முழுமையாகச் சொல்லற்ற படம் அன்று. காட்சித்தொகுதிகளுக்கிடையே வால்ட் விட்மனின் கவிதைகளிலிருந்து எடுத்த வரிகள் எழுத்து அட்டைகளாகத் தோன்றுகின்றன. அவ்வரிகள் நகரைப் போற்றிக் கொண்டாடுபவை. காட்சிகளோ அத்தகைய கொண்டாட்டத்தைத் தயக்கமின்றி ஏற்பனவாக இல்லை. கவிதை மக்கள் திரளின் ஆற்றலைப் பாட, ஒளிப்படம் அத்திரளை எறும்புச் சாரையாகக் காட்டுகிறது. விட்மன் எழுதியது 19ஆம் நூற்றாண்டு நகரத்தைப் பற்றி. ஸ்ட்ராண்டும் ஷீலரும் கண்டது எஃகாலும் பங்குச்சந்தையாலும் உருமாறிய மற்றொரு நகரத்தை. அட்டைகளை நீக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தால் அதன் பொருள் குறைவதில்லை, கனமே கூடுகிறது. சொல் இப்படத்தில் விளக்கமாக அமையாமல் ஒரு திரையாகவே அமைந்துவிட்டது. மன்ஹாட்டாவின் வரலாற்று முதன்மை அது சொல்லின்றி எடுக்கப்பட்டதில் இல்லை. சொல் தேவையில்லை என்பதைத் தன்னையறியாமலே மெய்ப்பித்ததில்தான் இருக்கிறது.

படம் 1923இல் பாரிஸில் தாதாயியக் கலைஞர்களின் நிகழ்ச்சியொன்றில் காட்டப்பட்டது. பின்னர் நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு, இங்கிலாந்தில் ஒரு படி கிடைத்ததால் மீண்டது. 1995இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மூழ்கும் எழுத்து

எழுத்து அட்டையைக் குறைக்கும் முயற்சி 1920களில் பல நாடுகளில் நடந்தது. ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் 1924இல் எடுத்த 'கடைசிச் சிரிப்பு' படத்தில், கடிதம் போலக் கதைக்குள்ளேயே தோன்றும் எழுத்துகள் நீங்கலாக, விளக்க அட்டை ஒன்றே ஒன்றுதான் வருகிறது. துன்பத்தில் முடியவேண்டிய கதைக்குப் பொருந்தாத ஓர் இன்பமுடிவை ஒட்டவைப்பதற்காக அவ்வட்டை வருகிறது. படம் முழுவதும் காட்சி உண்மை பேச, சொல் வாய்திறந்த ஒரே இடத்தில் சமாதானம் சொல்கிறது!

முர்னாவ் அமெரிக்கா சென்று 1927இல் எடுத்த 'சன்ரைஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர் இருவருள் ஒருவர் கார்ல் ஸ்ட்ரஸ். அவரும் நிலைப்பட ஒளிப்படத்திலிருந்து வந்தவரே. கிளாரன்ஸ் ஒயிட்டிடம் பயின்று, 1912இல் ஸ்டீக்லிட்ஸின் ஃபோட்டோ-செசஷன் குழுவில் இணைந்து, நியூயார்க்கின் இரவுக்காட்சிகளை எடுத்துப் புகழ்பெற்றவர். மென்மையான உருவங்களைத் தரும் வில்லையொன்றைத் தாமே வடிவமைத்து விற்றவர். 1919இல் ஹாலிவுட் சென்றார். சன்ரைஸ் படத்தில் நிலவொளி படிந்த சதுப்புநிலத்தினூடே கணவன் நகரத்துப் பெண்ணைக் காணச் செல்லும் காட்சி உண்டு. மேலே அமைத்த தண்டவாளத்தில் தொங்கியபடி கருவி அவனைத் தொடர்கிறது. மூடுபனியும் நிலவும் நீர்ப்பளபளப்பும் கலந்த அக்காட்சி, ஸ்ட்ரஸ் பழகியிருந்த இரவு ஒளிப்படங்கள் உயிர்பெற்று நகர்வது போன்றது. அவளோ அவன் மனைவியை நீரில் மூழ்கடிக்கலாமே என்கிறாள். அச்சொற்கள் அட்டையில் தோன்றியதும் எழுத்துகளே மெல்ல வழிந்து நீருள் அமிழ்வதுபோல் மறைகின்றன. எழுத்தையும் காட்சியாக்கிவிடும் இவ்வுத்தி, சொல்லை நீக்குவதற்கு ஒருபடி முந்தைய நிலை எனலாம்.

ஸ்ட்ரஸும் சார்லஸ் ரோஷரும் இப்படத்திற்காக ஒளிப்பதிவுக்கான முதல் அகாதமி விருதைப் பெற்றனர். சன்ரைஸ் 1927 செப்டம்பர் 23 அன்று வெளியானது. 'ஜாஸ் சிங்கர்' அக்டோபர் 6 அன்று வந்தது. காட்சிமொழி தன் முழு வளர்ச்சியை எட்டியதற்கும் உரையாடல் திரையைக் கைப்பற்றியதற்கும் இடையில் இருந்தவை 13 நாட்களே.

எழுத்து அட்டையை வெளிப்படையாக மறுத்து அறிக்கையிட்ட படம், சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவின் 'திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்' (1929). அட்டை, திரைக்கதை, அரங்கு, நடிகர் எதுவுமின்றி எடுக்கப்பட்ட சோதனை முயற்சி எனத் தொடக்கத்திலேயே அது அறிவித்துவிடுகிறது (அவ்வறிவிப்பும் எழுத்தில்தான் வருகிறது என்பது வேறு). வெர்தோவ் ஒளிப்படக் கலைஞர் அல்லர். எனினும் ஒளிப்படத்திற்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவை இப்படத்தைப்போல் கண்முன் நிறுத்திய படம் வேறில்லை. ஓடும் குதிரை ஒன்று திடீரென உறைந்து நின்றுவிடுகிறது. தெருக்கூட்டமும் குழந்தைகளின் முகங்களும் அவ்வாறே உறைகின்றன. அடுத்து அதே முகங்கள் படச்சுருளின் சட்டகங்களாகப் படத்தொகுப்பாளர் எலிசவேத்தா ஸ்விலோவாவின் கையில் தெரிகின்றன. அவர் வெட்டி ஒட்டியதும் அக்குழந்தைகள் மீண்டும் சிரிக்கத் தொடங்குகின்றனர். அசைவு என்பது அசையாப் படங்களின் வரிசையே என்னும் பாடநூல் உண்மை, இங்கு உயிர்ப்பும் இறப்பும் பற்றிய அனுபவமாக மாறுகிறது.

அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் யோரிஸ் ஐவன்ஸும் மானுஸ் ஃபிராங்கனும் ஒரு நகரத்தின்மேல் மழை வந்து பெய்து ஓய்வதை மட்டும் காட்டும் 'மழை' படத்தை எடுத்தனர். ஐவன்ஸ் ஒளிப்படக் கருவி வணிகம் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் விளம்பர ஒளிப்படக் கலைஞராயிருந்த ரால்ஃப் ஸ்டெய்னர் எடுத்த 'எச்டுஓ' படமும் 1929ஐச் சேர்ந்ததே. குழாய், மழை, ஓடை என அடையாளம் காணத்தக்க நீரில் தொடங்கி, படிப்படியாக நெருங்கிச் சென்று, இறுதியில் நீரின் மேற்பரப்பில் நெளியும் ஒளிக்கோடுகளாக மட்டுமே அது எஞ்சுகிறது. 'நீர்' என்னும் பெயரிலிருந்து விலகி, பெயரற்ற ஒன்றை நோக்கிச் செல்லும் பயணம் அது. ஒளிப்படக் கலைஞரைச் சொல்லற்ற திரைப்படத்திற்கு ஈர்க்கும் விசை இப்பயணத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. பொருளுக்குப் பெயரிடும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும் என்னும் வேட்கையே அது.

குரல் வந்தபின்

ஒலி வந்ததும் இம்மரபு அழிந்துவிடவில்லை, அரசியலுடன் மோதியது. ஸ்ட்ராண்ட் 1930களின் தொடக்கத்தில் மெக்சிகோ சென்றார். இசையமைப்பாளர் கார்லோஸ் சாவேஸின் ஆதரவுடன் அந்நாட்டு அரசின் கல்வித்துறைக்காக 'ரெதெஸ்' (வலைகள்) என்னும் படத்தைத் தயாரித்து ஒளிப்பதிவு செய்தார். ஃபிரெட் ஸின்னமனும் எமிலியோ கோமெஸ் முரியேலும் இயக்கினர். வெராக்ரூஸ் மாநிலத்து அல்வராதோ மீனவர்களே நடித்தனர். மருந்துக்கு வழியின்றிக் குழந்தையை இழந்த மீனவன் ஒருவன் சுரண்டலுக்கெதிராக மற்றவர்களைத் திரட்டிக் கொல்லப்படுவது கதை. படம் 1936இல் வெளிவந்தது.

படப்பிடிப்பில் ஸின்னமனுக்கும் ஸ்ட்ராண்டுக்கும் இருந்த கருத்து வேறுபாட்டை ஸின்னமன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே நினைவுகூர்ந்தார். ஸ்ட்ராண்ட் படத்தை அழகிய, ஆனால் அசைவற்ற சட்டகங்களின் வரிசையாகக் கண்டார் என்பதும், தாம் இயன்ற அளவு அசைவை விரும்பியதும் அவர் கூற்றின் சாரம். படத்தைப் பார்ப்போர் இக்குறையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். வானத்தின் பின்னணியில் நிறுத்தப்பட்ட மீனவர் முகங்களும் உலரும் வலைகளின் கோடுகளும் கண்ணை விட்டு அகலாதவை. ஆனால் உரையாடல் வரும் இடங்களில் படம் தடுமாறுகிறது. நிற்கவைத்துப் படமெடுத்தவர்களை இயக்குநர் பேசவைக்க முயல்வதுபோல் அவை அமைந்துள்ளன. வலை இழுக்கும் நீண்ட காட்சியில் ஒரு சொல்லும் இல்லை. சில்வெஸ்ட்ரே ரெவுவெல்தாஸின் இசையும் உடல்களின் உழைப்பும் மட்டுமே. அங்குதான் ஸ்ட்ராண்ட், ஸின்னமன் இருவரின் நோக்கமும் ஒருங்கே நிறைவேறுகிறது.

அமெரிக்கா திரும்பிய ஸ்ட்ராண்ட், ஸ்டெய்னர், லியோ ஹர்விட்ஸ் ஆகியோர் பேர் லோரென்ட்ஸின் 'சமவெளியை உழுத கலப்பை' (1936) என்னும் அரசு ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்களாயினர். புழுதிப்புயலால் பாழான சமவெளிகளைப் பற்றிய அப்படத்தில், நிலத்தை அழித்தது பேராசையின் பொருளாதார அமைப்பே எனக் காட்டவேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் விரும்பித் தாமே திரைக்கதை எழுதினர். லோரென்ட்ஸ் அதை ஏற்கவில்லை. படத்தின் பொருளை இறுதியில் வர்ணனைக் குரலே தீர்மானித்தது. காட்சியை எடுத்தவரிடமிருந்து அதன் பொருளை எடுத்துக்கொள்ளச் சொல் எத்துணை எளிய கருவி என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. சொல்லற்ற திரைப்படத்தின்பால் ஒளிப்படக் கலைஞர் கொண்ட பற்றில் அழகியலுக்கு அப்பாலும் ஒரு கூறு உண்டு என்பதை இதனால் அறியலாம். தம் படத்தின்மேல் பிறர் பேசுவதை அவர்கள் அஞ்சினர். ஆயினும் ஸ்ட்ராண்ட் ஹர்விட்ஸுடன் சேர்ந்து எடுத்த இறுதிப் பெரும்படமான 'நேட்டிவ் லேண்ட்' (1942) பால் ரோப்சனின் குரலைத் தூணாகக் கொண்டே நிற்கிறது. குரலை எதிர்த்தவரே தமக்குரிய குரலைத் தேடிக்கொண்டார்.

மீண்டும் சொல்லின்மை: ரெஜியோவும் ஃப்ரிக்கும்

சொல்லற்ற முழுநீளப்படம் பரந்த பார்வையாளரை மீண்டும் எட்டியது 1980களில். கிறித்தவத் துறவுச் சபையொன்றில் 14 ஆண்டுகள் இருந்து வெளியேறிய காட்ஃப்ரி ரெஜியோ, ரான் ஃப்ரிக்கை ஒளிப்பதிவாளராகக் கொண்டு 1975இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். 'கோயானிஸ்காட்ஸி' என்னும் பெயரில் அது 1982இல் திரைக்கு வந்தது. யூட்டா மாநிலத்தின் பழங்குடிப் பாறை ஓவியங்களில் தொடங்கி, பாலைநிலம், முகில், கடல் வழியாகச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்று, வெடித்து வீழும் ஏவூர்தியின் எரியும் துண்டில் முடியும் இப்படத்தில் உரையாடலோ வர்ணனையோ இல்லை. ஃபிலிப் கிளாஸின் இசை உண்டு. ரெஜியோ படத்திற்குப் பெயரே வேண்டாம் என எண்ணியிருந்தார். இறுதியில் ஹோப்பி மொழிச் சொல்லொன்றைச் சூட்டினார். நிலைகுலைந்த வாழ்வு என்னும் பொருளுடைய அச்சொல்லின் விளக்கம் படத்தின் முடிவில் எழுத்தாகத் தோன்றுகிறது. மன்ஹாட்டாவைத் தொற்றிய சொல் இங்கும் கடைசி நொடியில் உள்ளே வந்துவிடுகிறது.

இப்படம் பெரிதும் பேசப்பட்டது அதன் காலச்சுருக்கப் படப்பிடிப்புக்காக. பல நொடிகளுக்கு ஒன்றாகச் சட்டகங்களைப் பதிந்து இயல்பான வேகத்தில் ஓட்டும்போது முகில்கள் ஆறாகின்றன. வாகன விளக்குகள் குருதியோட்டமாகின்றன. இது அடிப்படையில் நிலைப்பட உத்தி. ஒவ்வொரு சட்டகமும் தனியே எடுக்கப்பட்ட ஒளிப்படம். ஆனால் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் போற்றத்தக்க காட்சிகள் இப்படத்தில் வேறு உள்ளன. லாஸ் வேகாஸ் சூதாட்டக்கூடப் பணிப்பெண்கள் சீருடையில் வரிசையாக நின்று கருவியை நோக்குகின்றனர். போர் வானூர்தியின் முன் விமானி ஒருவர் அசையாது நிற்கிறார். ஒளிப்படம் எடுக்கப்படுவதாக எண்ணி நிற்போர்போல் முதலில் ஒரு தோற்றத்தை அணிந்துகொள்கின்றனர். கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நொடிகளில் அத்தோற்றம் தளர்கிறது. நிலைப்படம் ஒருபோதும் பெறமுடியாத அத்தளர்வை இந்த அசையும் உருவப்படம் பெற்றுவிடுகிறது.

ரெஜியோவின் அடுத்த படமான 'பவாக்காட்ஸி' (1988) பிரேசிலின் செர்ரா பெலாதா பொற்சுரங்கத்தில் தொடங்குகிறது. சேற்று மூட்டைகளைச் சுமந்து செங்குத்துச் சரிவில் ஏறும் ஆயிரக்கணக்கானோரை அது மெதுவோட்டத்தில் காட்டுகிறது. அதே சுரங்கத்தை 1986இல் செபாஸ்தியாவ் சல்காடோ ஒளிப்படமாக எடுத்து உலகறியச் செய்திருந்தார். இரண்டையும் ஒப்புநோக்கல் பயனுடையது. சல்காடோவின் கருப்பு-வெள்ளைப் படங்கள் இதழ்களிலும் நூலிலும் உரையுடன் வெளியாயின. எந்த இடம், எந்த ஆண்டு என்பதைப் படிப்போர் அறிவர். ரெஜியோவின் காட்சியில் அத்தகவல் எதுவும் இல்லை. ஏறுவோர் யார், எதைச் சுமக்கின்றனர் என்பதை அறியாத பார்வையாளர், அவர்களை மனிதகுலத்தின் உழைப்புக்கான குறியீடாகவே காண்பார். குறியீடானவருக்குக் கூலி எவ்வளவு என எவரும் கேட்பதில்லை.

ஃப்ரிக் தாமே இயக்கிய 'பராக்கா' (1992) 65 மி.மீ. எதிர்ச்சுருளில் படமாக்கப்பட்டு 70 மி.மீ. படிகளாக வெளியிடப்பட்டது. 24 நாடுகளில் 14 மாதங்கள் படப்பிடிப்பு நடந்தது. வழக்கமான 35 மி.மீ. சட்டகத்தைவிடப் பன்மடங்கு பரப்புடைய சட்டகம், கருவியின் இயக்கத்தைக் கணினியால் கட்டுப்படுத்தும் அமைப்பு, நுண்விவரம் குன்றாத படியாக்கம் ஆகியவை ஒளிப்படத் துறையினரிடையே இப்படத்திற்குத் தனி மதிப்பைத் தந்தன. பெரும் வடிவ ஒளிப்படக் கருவியுடன் மலையேறிய பழைய நிலக்காட்சிக் கலைஞர்களின் பொறுமை இப்படத்தில் உண்டு. சப்பானின் வெந்நீர்ச் சுனையில் கண்மூடும் பனிக்குரங்கின் முகத்தில் வந்தமையும் ஒளிக்காகக் காத்திருந்தவர் ஒளிப்படக் கலைஞரேயன்றி வேறெவரும் ஆகார்.

பெயரறியா முகங்கள்

பராக்காவில் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறை வருகிறது. பள்ளியாக இருந்த கட்டடத்தைக் கெமர் ரூஜ் ஆட்சி 1975-79 காலத்தில் வதைமுகாமாக்கியது. பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு அடைக்கப்பட்டனர். உயிர்தப்பியோர் மிகச் சிலர். உள்ளே கொணரப்பட்ட ஒவ்வொருவரையும் சிறை நிருவாகம் ஒளிப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தது. இன்று அருங்காட்சியகச் சுவர்களில் உள்ளவை அப்படங்களே. ஃப்ரிக்கின் கருவி அம்முகங்களின் முன் நகர்கிறது. குவைத்தின் எரியும் எண்ணெய்க் கிணறுகளும் போலந்தின் வதைமுகாமும் இதே பகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. இடப்பெயர் எதுவும் திரையில் தோன்றுவதில்லை.

சொல்லற்ற திரைப்படத்தின் பெருமை முழுவதும் சோதனைக்குள்ளாகும் இடம் இது. அப்படங்களை எடுத்தவர் கொலைகாரர்களின் பணியாளர். எடுத்ததன் நோக்கம் ஆவணப்படுத்துதல். மாந்தர் கருவியை நோக்கியது தாமே விரும்பியன்று. லாஸ் வேகாஸ் பணிப்பெண்களின் பார்வைக்கும் இவர்களின் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்சி தானாக உணர்த்துமா? ஓரளவு உணர்த்தும், அம்முகங்களின் அச்சம் அத்தகையது. ஆனால் எவர், எவரால், எப்போது என்பதைக் காட்சி உணர்த்தாது. அறிந்தவர் அறிந்துகொள்வர். அறியாதவர்க்கு அவை பொதுவான மானுடத் துயரத்தின் ஒரு பகுதியாகிவிடும். ஒரு குறிப்பிட்ட அரசு செய்த குறிப்பிட்ட குற்றம், முகில்களின் ஓட்டம்போல இயற்கை நிகழ்வாகிவிடும் இடர்ப்பாடு இதில் உண்டு.

பராக்காவை ஆதரிப்போர் இதற்கு விடை கூறுவர். பெயரிட்டுவிட்டால் பார்வையாளர் 'இது கம்போடியா' என ஒதுக்கிவிடுவார். பெயரின்மையே அவரை நேர்முகமாக நிறுத்துகிறது என்பது அவ்விடை. இதில் வலுவான கூறு உண்டு. எனினும் ஒளிப்பட வரலாறு அறிந்தோர் இதை முழுமையாக ஏற்றல் அரிது. சுருங்கிய ஒரு படக்குறிப்பு ஒளிப்படத்தை எவ்வாறு மாற்றும் என்பதை ஹைன் நன்கறிந்திருந்தார். ஆலையில் நிற்கும் சிறுமியின் படத்துடன் அவளது வயது, உயரம், வேலை நேரம் ஆகியவற்றை அவர் குறித்துவைத்தார். அக்குறிப்பு இல்லையேல் அது சிறுமி ஒருத்தியின் படம். குறிப்புடன் அது சான்று. நீருக்கும் முகிலுக்கும் பெயர் வேண்டா. கோப்பிலிடப்பட்டுக் கொல்லப்பட்டவருக்கு வேண்டும்.

லுத்ஸாரா

ஹைனின் மாணவர் இறுதியில் எங்குச் சென்றார் என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. திரைப்படத்தை விட்டு நிலைப்படத்திற்கே திரும்பிய ஸ்ட்ராண்ட் 1950இல் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் அவர் தந்தவை பெரும்பாலும் எழுத்தாளருடன் இணைந்து உருவாக்கிய நூல்கள். நான்சி நியூஹாலுடன் நியூ இங்கிலாந்து பற்றியும், குளோட் ருவாவுடன் பிரான்ஸ் பற்றியும் அவர் நூல்களை வெளியிட்டார். இத்தாலிய நவயதார்த்தத் திரைக்கதையாசிரியர் செசரே சவத்தீனியுடன் சேர்ந்து, சவத்தீனியின் சொந்த ஊரான லுத்ஸாராவைப் பற்றி 1955இல் 'உன் பயேசே' (ஓர் ஊர்) என்னும் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் ஒளிப்படங்களை விளக்கும் ஆசிரியர் குரல் மேலோங்குவதில்லை. படத்திலுள்ள ஊரார் தம் வாழ்க்கையைத் தாமே சொல்வதாகச் சவத்தீனி உரையை அமைத்தார். 'சமவெளியை உழுத கலப்பை'யில் காட்சியின்மேல் ஏறிய வர்ணனைக்கு நேர்மாறான ஏற்பாடு இது. சொல் படத்துள் நிற்பவருக்கு உரியதாகிவிடுகிறது. 1953இல் ஸ்ட்ராண்ட் எடுத்த லுசெத்தி குடும்பத்தின் படம் அந்நூலால்தான் புகழ்பெற்றது. வீட்டு வாயிலில் தாய் நிற்கிறாள். அவளைச் சுற்றிச் சுவரோரமாகவும் படிமீதும் ஐந்து மகன்கள். ஓரத்தில் ஒரு மிதிவண்டியின் சக்கரம். ஒருவரும் மற்றவரைப் பார்ப்பதில்லை. ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லை. அவர்களின் சொற்கள் படத்திற்கு வெளியே, அச்சில் காத்திருக்கின்றன.